வசம்புக்குப் போன நல்ல பெயர்

இன்று மதியம் உன் வீட்டுப் பக்கமிருந்து சுட்ட வசம்பின் வாசனை வந்தது. எதற்கென்று உடனே தெரிந்துவிட்டது. பேச்சு வராத குழந்தையின் நாக்கில் தேய்க்க நம் ஊருக்கு வேறெதுவும் தோன்றாது. அடுப்பை அணைத்துவிட்டு ஈரக்கையோடு கிளம்பினேன். அப்படி ஒரு கோபம் எனக்கு.

நீ காய்ச்சலில் போன பிறகு ஒரு அறுவடைகூட முடியவில்லை. அதற்குள் உன் மகள் கயலின் பேச்சுப் பயிற்சியை நிறுத்திவிட்டார்கள். உன் கணவர் சிங்கப்பூருக்குத் திரும்பிவிட்டார். பிள்ளை இப்போது உன் நாத்தனார் பொறுப்பு. "தாயில்லாப் புள்ளைய வாராவாரம் தஞ்சாவூருக்கு பஸ்ஸுல இழுத்தடிக்கணுமா? அவங்கப்பனும் லேட்டாத்தான் பேசுனான்" என்கிறார். மேட்டூர்த் தண்ணீர் கொஞ்சம் தாமதமானால் சாலை மறியலுக்கு உட்காரும் ஊர்தான் இது. ஒரு குழந்தையின் பேச்சு வருடக்கணக்கில் தாமதமானால் மட்டும் "வரும், வரும்" என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது.

உனக்கு அந்தப் பொறுமை இருந்ததில்லை. வியாழக்கிழமை காலையில் கயலை இடுப்பில் வைத்துக்கொண்டு திருத்துறைப்பூண்டி பஸ் நிலையத்தில் நிற்பாய். சில நாள் துணைக்கு நானும் வருவேன். "இந்த வயசுல சீக்கிரம் புடிச்சுக்குவாங்க, தள்ளிப்போடாதீங்க" என்று பயிற்சி தருகிறவர் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டாய். அவர் காட்டியதை வீட்டிலும் செய்தாய். கயல் கையை நீட்டியதும் கொடுத்துவிட மாட்டாய். அப்பளத்தை அவள் முகத்துக்கு நேரே பிடித்து, "இன்னும் வேணுமா? இன்னும்?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் காத்திருப்பாய். அவள் வாய் திறக்காவிட்டாலும் கொடுத்துவிடுவாய். செய்தது அவ்வளவுதான்.

அதற்கு உனக்குக் கிடைத்த பட்டம் கல்நெஞ்சுக்காரி. கேட்பதற்கு முன்பே இலையில் சோற்றைக் குவிப்பதுதான் அந்த வீட்டில் பெருமை. அங்கே பிள்ளையைக் கேட்க வைப்பது கொலைக்குற்றம். உன் சாவு வீட்டிலேயே ஒருத்தி, "பெத்த புள்ளைய சோத்துக்குக் கெஞ்ச விட்டவ" என்றாள். நீ கிடந்த இடம் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டேன். "கெஞ்ச விடலடி, அவ பேசறதுக்குக் கொஞ்சம் எடம் விடுறேன்" என்று நீ என்னிடம் சொன்னது அவர்களில் யாருக்குத் தெரியும்?

நான் உள்ளே போனபோது கயல் தட்டின் முன் உட்கார்ந்திருந்தாள். நாக்கில் கறுப்பு. அவள் அப்பளத்தைப் பார்ப்பதற்குள் நாத்தனார் அதை நொறுக்கி அவள் வாயில் வைத்தார். கேட்கவே நேரமில்லாத பிள்ளை எப்போது பேசும்? நான் இன்னொரு அப்பளத்தை எடுத்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன். "இன்னும் வேணுமா? இன்னும்?"

"அவள மாதிரி நீயும் ஆரம்பிக்காத" என்று நாத்தனார் கையை நீட்டினார்.

"கொஞ்சம் பொறுங்கக்கா."

கயல் அப்பளத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். பிறகு வாசலைப் பார்த்தாள். நீ வருவாய் என்று நினைத்தாளோ என்னவோ. பிறகு உதடு அசைந்தது.

"இன்னு."

நீ போனபின் அவள் வாயிலிருந்து நான் கேட்ட முதல் சொல் அது. நாத்தனாருக்குக் கண் கலங்கிவிட்டது. கயலை வாரி அணைத்துக்கொண்டு சொன்னார்: "பாத்தியா, வசம்பு வேலை செஞ்சிடுச்சு!"

பஸ் பஸ்ஸாக அலைந்தவள் நீ. ஊர்ப்பேச்சு கேட்டவள் நீ. நல்ல பெயர் வசம்புக்கு! கத்தியிருப்பேன். ஆனால் அந்த அம்மாள் சந்தோஷத்தில் இளகியிருந்த நேரம் அது. "ஆமாங்கக்கா, வசம்புதான். இதோட அந்தப் பயிற்சியும் சேர்ந்தா இன்னும் நல்லா வரும். வியாழக்கிழமை நான் கூட்டிட்டுப் போறேன்" என்றேன். தலையாட்டிவிட்டார்.

உனக்கு வரவேண்டிய பெயரை என் வாயாலேயே வசம்புக்குக் கொடுத்துவிட்டேன். கயலுக்கு ஒரு பஸ் சீட்டு கிடைத்தது. நீயாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாய். ஆனால் ஒன்று, கயல் ஒருநாள் முழுதாகப் பேசுவாள். தன் பேச்சு எப்படி வந்தது என்று கேட்பாள். அன்று வசம்பென்று சொல்ல மாட்டேன். அதுவரை இந்தக் கோபத்தை ஆறவிட மாட்டேன்.