என் மெசேஜ் மட்டும் இல்லாத குடும்பம்

மார்ச் 4
ஒரு கூட்டம் எப்படி ஒரே மனசாக முடிவுக்கு வருகிறது என்று கணினியில் கணக்குப் போடுவது என் பிழைப்பு. சொந்த வீட்டில் ஒரு விஷயத்தைச் சொல்ல வாய் வரவில்லை. பியானோ ரிப்பேர் செய்கிறவரைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் — இவ்வளவுதான். அப்பா முகம் எப்படிப் போகுமோ, சித்தப்பா எப்படிக் குதிப்பாரோ.

மார்ச் 6
அட மண்டு, குடும்ப வாட்ஸ்அப் குரூப் இருக்கிறதே. அதில் இவர்கள் பேசிய பழைய பேச்சையெல்லாம் கணக்கில் கொட்டிவிட்டேன். யார் சொன்னால் யார் மனசு மாறும் என்று தெரிந்துவிடும்.

மார்ச் 9
சிரித்து மாளவில்லை. சித்தப்பா தொண்டை கிழியக் கத்துவதை யாரும் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. அப்பாவும் சும்மா பேருக்குத்தான். குடும்பத்தின் மனசு அத்தை கையில் இருக்கிறது. எதற்கும் “ம்” என்று மட்டும் எழுதுகிற அதே அத்தை. டூர், வீட்டுக்கு பெயிண்ட், தம்பி படிப்பு — அந்த “ம்” விழுந்ததும் எல்லாரும் தலையாட்டிவிடுகிறார்கள்.

மார்ச் 10
அத்தைக்குத் தனியாகப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். “ம்” என்றாள். ஜெயிச்சாச்சு.

மார்ச் 14
குரூப்பில் ஈ காக்கா இல்லை. சித்தப்பாவின் காலை வணக்கப் பூ கூட வரலை. அத்தை எல்லார்கிட்டயும் சொல்லிட்டாளாம், தம்பி உளறிட்டான். அப்புறம் ஏன் இப்படி? கோபமா? கணக்கு எங்க உதைக்குது? அவர் வேற, “நானே வந்து பேசட்டுமா”ன்னு கேக்கறார். அழுகை அழுகையா வருது. இந்த மனுஷனை விட என்னால முடியாது.

மார்ச் 15
ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரி யார் யார் மனசை மாற்றுகிறார்கள் என்று கணினி வரைந்த என் குடும்பப் படத்தை எட்டிப் பார்த்தாள். “இதுல நீ எங்கடி?”

ஆராய்கிறவள் ஆராய்ச்சிக்குள் நிற்கக் கூடாது, அதனால் என் மெசேஜை எல்லாம் முதலிலேயே எடுத்துவிட்டேன் என்றேன். “ரொம்ப சுத்தம் போ” என்றாள்.

என் மெசேஜையும் திரும்பச் சேர்த்துக் கணக்கை ஓட்டினேன். அத்தையின் ஒவ்வொரு “ம்”முக்கும் முன்னால் நான்தான். டூருக்கு இடம் சொன்னது நான். பெயிண்ட் நிறம் நான். தம்பிக்காக மல்லுக்கட்டியது நான். நான் வாய் திறக்காத எதையும் இவர்கள் முடிவு செய்ததே இல்லை.

மார்ச் 16
குரூப்பில் நேராக எழுதினேன்: “எனக்கு இவரைப் பிடிச்சிருக்கு. கட்டிக்கப் போறேன்.” போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனேன்.

வந்து பார்த்தால், அப்பா: “உன் வாயால வரட்டும்னுதாம்மா காத்துக்கிட்டிருந்தோம்.” சித்தப்பா, அவருடைய பியானோவை நம் வீட்டு மாடிக்கு யார் தூக்குவது என்று ஆரம்பித்திருந்தார். அதன் கீழே அத்தை, அதிசயமாக ஒரு முழு வாக்கியம்: “ஞாயித்துக்கிழமை அவரைக் கூட்டிட்டு வா.”

அதற்கு அப்பா, சித்தப்பா, தம்பி எல்லாரும் வரிசையாக “ம்” போட்டிருந்தார்கள்.

நானும் ஒரு “ம்” போட்டேன்.