இரண்டு கண்ணும் திறந்த பொம்மை

லான்மடாவ், ரங்கூன்

என் தங்கத்துக்கு,

உன் மேலதிகாரி சதோயே அம்மா பன்னிரண்டு வருஷம் அங்கே நகரசபையில் இருந்து, இப்போது ஜப்பான் நாடாளுமன்றத்துக்கும் ஜெயித்துவிட்டார் என்று எழுதியிருந்தாய். அவர் அலுவலகத்தில் நீ வேலை பார்ப்பது எனக்குப் பெருமைதான்.

அவர் தேர்தலுக்குத் தேர்தல் வைப்பது மாதிரியே, கண் வரையாத சிவப்புப் பொம்மை ஒன்றை அனுப்பியிருந்தாயே, வந்தது. உன் தம்பி திரும்பி வர வேண்டிக்கொண்டு, சாமி சிலைக்குக் கண் திறப்பதுபோல இரண்டு கண்ணையும் மையால் வரைந்துவிட்டேன். வேண்டும்போது ஒரு கண், காரியம் கைகூடிய பிறகுதான் மறு கண் என்பது உன் அடுத்த கடிதத்தில்தான் தெரிந்தது. முன்னாலேயே எழுதித் தொலைத்திருக்கக் கூடாதா? இப்போது அது இரண்டு கண்ணாலும் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

இங்கே ராணுவ ஆட்சிக்காரர்கள் பட்டாளத்துக்குப் பிடித்துப்போன பிள்ளைகளின் பெயர்களை அந்த அம்மா நாடாளுமன்றத்தில் வாசிக்கப்போகிறார், தம்பி பெயரையும் சேர்க்கட்டுமா என்று கேட்டாய். வேண்டாம். அவன் இன்னும் அவர்கள் கையில்தான் இருக்கிறான். வயதை மட்டும் வாசிக்கட்டும். இருபது.

என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று எழுது. வாசித்ததும் ஒரு நொடி நிறுத்தச் சொல். அவன் பெயரை நான் இங்கிருந்து சொல்லிக்கொள்கிறேன்.

உன் அம்மா