மேலேயிருந்து உங்களைக் கூப்பிட்டார்கள்

என்னங்க,

நாகல் நகர் வீட்டில் உங்கள் ஹாம் ரேடியோ வைத்த இடத்திலேயே இருக்கிறது. தினமும் துடைக்கிறேன். துடைக்கும்போதெல்லாம் நெஞ்சு குறுகுறுக்கிறது. இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

உரக்கடையைப் பூட்டிவிட்டு வந்ததும் அதன் முன்னால்தானே உட்காருவீர்கள்? விண்வெளி நிலையம் நம் ஊருக்கு மேலே போகிற சில நிமிடங்களில் அதிலிருப்பவர்களோடு பேசிவிட வேண்டும், ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்பதுதான் உங்கள் ஆசை.

"நேத்து வரைக்கும் முறைச்சுக்கிட்டுத் திரிஞ்ச அமெரிக்காக்காரனும் ரஷ்யாக்காரனும் இன்னைக்கு ஒரே வீட்டுல ஒண்ணாச் சாப்புடுறான், மரகதம். சண்டை வந்தா என்ன செய்வான்? கோவிச்சுக்கிட்டு வெளிய போக முடியுமா? யாரு மொதல்ல பேசுவா? அதைக் கேக்கணும்."

"அதுக்கு எதுக்கு மேல கேக்கணும்? இங்க எப்பவும் நாந்தான்" என்றேன். அப்படிச் சிரித்தீர்கள்.

கொடைரோட்டில் என் தம்பி மகள் காதுகுத்து அன்று, சாயங்காலம் நிலையம் வருகிறது என்று நீங்கள் வராமல் இருந்துவிட்டீர்கள். வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி மாளவில்லை. திரும்பி வந்த நான் உங்களோடு பேசவில்லை.

அன்று சாயங்காலம் நிலையம் வரும் நேரத்தில், ரேடியோவில் உங்கள் அடையாளப் பெயரான கால்சைனை மைக்கில் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, ஏரியலைச் சிறுமலைப் பக்கம் திருப்ப மாடிக்கு ஓடினீர்கள். அப்போதுதான் அந்தக் குரல் வந்தது. உங்கள் கால்சைனை எழுத்தெழுத்தாகச் சொல்லி, இருக்கிறீர்களா என்று இங்கிலீஷில் கேட்டது. ரஷ்யர் போலிருந்தது. லைசென்ஸ் இல்லாத நான் மைக்கைத் தொடக் கூடாது, சரி. மாடிப்படியில் நின்று ஒரு சத்தம் கொடுத்திருக்கலாமே? நான் எதற்கு முதலில் பேச வேண்டும் என்ற வீம்பு. வாயைத் திறக்கவில்லை.

"ஏதாச்சும் கேட்டுச்சா?" என்று மூச்சிரைக்க இறங்கி வந்தீர்கள். இல்லையென்று தலையாட்டினேன்.

"சரி விடு, இன்னொரு நாள் பாப்போம்."

அந்த நாள் வருவதற்குள் மாரடைப்பு உங்களைக் கொண்டுபோய்விட்டது. உண்மையைச் சொல்ல எத்தனையோ தடவை வாய் வரை வந்தது. என்னை என்ன செய்தால் தகும்?

ஒரு சேதி. நானும் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கிவிட்டேன். "இந்த வயசுல உனக்கு எதுக்குக்கா இது?" என்று தம்பி கேட்டான். அவனிடமும் காரணத்தைச் சொல்லவில்லை.

போன வாரம் கூப்பிட்டேன். பதில் வந்தது. ஒரு அமெரிக்கப் பெண்; பின்னால் யாரோ வேறு பாஷையில் பேசிச் சிரிப்பது கேட்டது. சொல்லுங்கள் என்றாள். உங்கள் கேள்வியை இங்கிலீஷில் நெட்டுருப் போட்டுத்தான் வைத்திருந்தேன். பொத்தானை அழுத்தினால், "அவர் வீட்ல இல்லைங்க" என்றுதான் வந்தது. தமிழிலேயே.

திரும்பச் சொல்லச் சொன்னாள். என்னால் முடியவில்லை. அதற்குள் சிறுமலையைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

அடுத்த தடவை உங்கள் கேள்வியைக் கேட்டுவிடுகிறேன். அழாமல் கேட்கிறேன், சத்தியம்.

உங்கள் வீட்டுக்காரி,
மரகதம்