"சரி சார்" என்றவள்

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. நீயும் அத்தானும் பிள்ளைகளும் சுகம்தானே? அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. வாய் மட்டும் முன்பைவிட வேகம். பெற்ற இரண்டும் பெண்ணாய்ப் போனாலும் சின்ன மாப்பிள்ளை பிள்ளையாக வாய்த்தார் என்று பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இதைக் கம்பெனி ஸ்டோர் ரூமில், ரிப்பேருக்கு வந்த தராசுகளுக்கு நடுவே உட்கார்ந்து எழுதுகிறேன். அவர் மீட்டிங்கில் இருக்கிறார். ஒரு மணி நேரம் ஆகும். வீட்டில் பேனா எடுத்தால் யாருக்கு, என்ன என்று கேட்பார். கோபமாக அல்ல, ஆசையாகத்தான். எனக்கு வரும் கடிதங்களையும் அவரே பிரித்துச் சாப்பாட்டு நேரத்தில் உரக்கப் படிப்பார். அதனால் இதற்கு மட்டும் பதில் போட்டுவிடாதே, அக்கா.

நான் நாவல் எழுதும் விஷயம் உனக்குத் தெரியும். எட்டு வருஷமாகப் புகார்க் கடிதங்களுக்கு "மிகவும் வருந்துகிறோம்" என்று பதில் எழுதியே தேய்ந்த கை இது. "நம்ம கதையையே எழுது" என்று அவர்தான் உற்சாகப்படுத்தினார். ஒரு தராசுக் கம்பெனி, ஒரு சூப்பர்வைசர், புதிதாய்ச் சேர்ந்த பெண், காதல், கல்யாணம். நான் எழுத எழுத அவரே டைப் அடித்தார். பதிப்பகத்துக்கும் அனுப்பினோம்.

போன வாரம் பதிப்பாசிரியர் அம்மாள் என்னைக் கூப்பிட்டனுப்பினார். நல்லவேளை, என் வீட்டுக்காரருக்கு அன்று ஸ்டாக் எடுக்கிற வேலை, தனியாகப் போனேன். நடை நன்றாயிருக்கிறது, ஆபீஸ் அப்படியே கண்ணில் தெரிகிறது, காதலைத்தான் காணவில்லை என்றார் அந்த அம்மாள். கல்யாணத்துக்குச் சம்மதிக்கிறவள் "சரி சார்" என்றா சொல்வாள் என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். அப்புறம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்: "இந்தப் பொண்ணு ஒரு தடவையாவது வேண்டாம்னு சொல்ல நினைச்சாளாம்மா? அவளால சொல்ல முடியாதுன்னா, அப்புறம் படிக்கிறவங்க எதுக்குக் காத்திருக்கணும்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உனக்குக்கூட இதை நான் சொன்னதில்லை. அன்று அம்மாவின் ஆபரேஷனுக்கு நான்கு நாள் லீவு கேட்டு, என் சூப்பர்வைசராயிருந்த இவர் மேஜை முன்னால் நின்றேன். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான். அவர் கையெழுத்துப் போட்டார். தாளை என்னிடம் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, தன்னைக் கட்டிக்கொள்ள விருப்பமா என்று கேட்டார். நான் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே "சரி சார்" என்றேன். மிரட்டினார் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். தான் தாளைப் பிடித்திருந்தது பதிலுக்காகத்தான் என்றுகூட அவருக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு இரண்டு ராத்திரி காவல் இருந்தவர் அவர்தான். ஊரே காதல் கல்யாணம் என்கிறது. நானும் எட்டு வருஷமாய் அப்படித்தான் சொல்லி வருகிறேன்.

திருத்தி எழுத அந்த அம்மாள் இரண்டு மாதம் தவணை கொடுத்திருக்கிறார். வந்ததும் ஒரு அத்தியாயம் எழுதினேன். அந்தப் பெண் "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்கிறாள். வீட்டுக்கு வந்து ஆறு பக்கம் யோசிக்கிறாள். எழுதும்போது எனக்கு அவ்வளவு சந்தோஷம், அக்கா. அவர் டைப் அடித்த தாள்களை வாங்கிப் பார்த்தேன். அந்த ஆறு பக்கமும் இல்லை. கேட்டேன். டீயை ஆற்றிக்கொண்டே நிஜமாகவே புரியாமல் சொன்னார்: "அவன் நல்லவன்தானே? அவ எதுக்கு யோசிக்கணும்?"

காலையில் அவர் ஸ்கூட்டரில் வருகிறேன், அவர் கண்ணாடி அறைக்கு எதிரே எட்டு மணி நேரம் உட்காருகிறேன், அதே ஸ்கூட்டரில் திரும்புகிறேன். ஒரு குறை சொல்ல வழியில்லாதவரிடம் மூச்சு முட்டுகிறது என்று எப்படிச் சொல்வது? சொன்னால் ஜன்னலைத் திறந்து விடுவார்.

அந்த ஆறு பக்கத்தை நான் திரும்ப எழுத வேண்டும். அவர் இல்லாத ஓர் இடத்தில் உட்கார்ந்து, அவள் கடைசியில் என்ன சொல்வாள் என்று எனக்கே தெரியாமல் எழுத வேண்டும். அதற்கு லீவு வேண்டும். லீவுத் தாளில் காரணம் எழுத வேண்டும். கையெழுத்துப் போடுகிறவர் இன்றைக்கும் அவர்தான்.

அதனால் நீ ஒரு கடிதம் போடு, இதற்குப் பதில் போல இல்லாமல். உனக்கு உடம்பு முடியவில்லை, தங்கையை உடனே அனுப்பி வையுங்கள் என்று அவர் பெயருக்கே எழுது. உரக்கப் படிப்பார்; அன்றே டிக்கெட் எடுத்துத் தருவார், அம்மாவையும் பார்த்துக்கொள்வார். பொய்க்குக்கூட உன்னைப் படுக்கையில் போட மனம் வரவில்லை. நீ நூறு வயசு நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

எத்தனை நாளைக்கு என்று மட்டும் எழுதாதே, அக்கா.

உன் பிரியமுள்ள
தங்கை