குளியலறைத் தரை

நாபுல், ஏப்ரல் 19

அன்பு மகன் மாஹிருக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மருமகள் கரோலாவும் அந்தக் குளிர் ஊரில் நோய்நொடி இல்லாமல் இருக்க அல்லாஹ்வைக் கேட்டுக்கொள்கிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. ஸிஹாமுக்குச் சளி, அதனால் நிச்சயதார்த்தம் தள்ளிப்போயிருக்கிறது என்று போனில் சொன்னேன் இல்லையா, இரண்டும் பொய். அப்படிச் சொல்லச் சொன்னது உன் தங்கைதான். அவள் பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரம் பார்த்து, அவளுக்குத் தெரியாமல் இதை எழுதுகிறேன்.

பிப்ரவரியில் மாப்பிள்ளையின் அம்மா ஜலீலா முதல்முறை வீட்டுக்கு வருவதாக இருந்ததே, அதற்கு நாலு நாள் முன்னால் நீ வீடியோவில் பேசினாய். ஸிஹாம் போனைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்கக் காட்டினாள். குளியலறை வந்ததும் நீ முகத்தைச் சுளித்தாய். “என்ன உம்மா, டைல்ஸ் இடுக்கெல்லாம் இப்படிக் கருத்துக் கெடக்கு? வர்றவங்க கை கழுவ இங்கதானே வருவாங்க, மானம் போயிடும்” என்றாய். பக்கத்தில் கரோலா இருந்தாள், உனக்கு வெட்கம். அந்தத் தரை உன் பாபா உயிரோடிருந்தபோது அவர் கையால் பதித்தது, இருபத்தைந்து வருடம் ஆகிறது. வாராவாரம் சோடா மாவைக் குழைத்து இடுக்கில் தடவி, பழைய பல் பிரஷால் தேய்த்துத்தான் வந்தேன். இரண்டு வருடமாக முழங்கால் மடங்கவில்லை, விட்டுவிட்டேன். அதை அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்கலாம்.

மறுநாள் காலை ஸிஹாம் கடைக்குப் போய் ஒரு பாட்டில் ஆசிட் வாங்கி வந்தாள். தரையில் ஊற்றினாள். நுரைத்தது, வெளுக்கவில்லை. அதன் மேலேயே துணி வெளுக்கும் ஜாவெல் தண்ணீரையும் ஊற்றிவிட்டு உட்கார்ந்து தேய்த்திருக்கிறாள். நான் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். தடால் என்று வாளி உருண்ட சத்தம். போய்ப் பார்த்தால் உள்ளே பச்சையும் மஞ்சளுமாய் ஒரு புகை, அதற்கு நடுவில் என் பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடுகிறாள். நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு மன்ஜியா ஓடி வந்தாள். முக்காட்டுத் துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே நுழைந்து, அக்குளில் கைகொடுத்து அவளை முற்றத்துக்கு இழுத்துப்போட்டது அந்தப் புண்ணியவதிதான். ஆஸ்பத்திரியில் ஆறு நாள். டாக்டர் என்னைப் பார்த்து, “ஆசிட்டையும் ஜாவெலையும் ஒண்ணாச் சேர்த்தா நஞ்சும்மா. போருக்குன்னு செய்ற புகையும் இதுவும் ஒரே சரக்கு. வீட்ல யாருமே சொல்லலையா?” என்று கேட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அங்கேயும் டைல்ஸ்தான், பளபளவென்று இருந்தது.

ஜலீலா ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை வந்தாள். ஆரஞ்சுப் பழமும் கொண்டு வந்தாள், குறை சொல்லக்கூடாது. ஒரு வாரம் கழித்து அவள் தங்கையை அனுப்பி, “பொண்ணு தங்கம், அதுல சந்தேகமே இல்ல. ஆனா மூச்சு வாங்குற பொண்ணு நாளைக்குப் பிள்ளை பெத்து வளக்கணுமே, அக்கா யோசிக்கிறாங்க” என்று சொல்லவைத்தாள். மாப்பிள்ளை அனீஸிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. ஸிஹாம் அழவில்லை. அழுதால் இருமல் வருகிறது, அதனால் அழுவதில்லை. பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்புக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவள் இப்போது அலுவலக அறையில் வருகைப் பதிவேடு பார்க்கிறாள். ஊரெல்லாம் ஆரஞ்சுப் பூவை அண்டாவில் காய்ச்சி வாசனைத் தண்ணீர் இறக்கும் மாதம் இது. அந்த ஆவி பட்டாலே அவளுக்கு நெஞ்சு அடைக்கிறது. மன்ஜியா இந்த வருடம் அண்டாவைத் தன் அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள், நான் பூவே வாங்கவில்லை.

போன வாரம் ஸிஹாமின் போனில் மன்ஜியாவின் நம்பரைத் தேடும்போது, அன்றைக்கு வீடியோவில் பேசிய பிறகு நீ அவளுக்கு அனுப்பிய குரல் செய்தி ஓடியது. கை தவறித்தான் அழுத்தினேன், ஆனால் முழுவதும் கேட்டேன். “உம்மாவோட சோடா கீடாலாம் வேலைக்கு ஆகாது. மொதல்ல ஆசிட்டு, அப்புறம் ஜாவெல், பளிச்சுன்னு ஆயிடும். நான் வரும்போது அந்தக் கறுப்பு இருக்கக் கூடாது, சரியா?” அவ்வளவுதான். மாஹிர், நீ அங்கே முப்பது பேரை வைத்து ஆஸ்பத்திரித் தரை கழுவும் கம்பெனியில் மேற்பார்வையாளன். அந்த முப்பது பேருக்கும் முகமூடி கொடுக்கிறாய், கையுறை கொடுக்கிறாய், எதை எதோடு சேர்க்கக் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறாய். போட்டோ அனுப்பினாயே, கூடத்தில் மாட்டியிருக்கிறேன். ‘நடுவுல நல்லா கழுவி விடு, ஜன்னலைத் திறந்து வை’ என்று உன் தங்கைக்கு மட்டும் சொல்ல உனக்கு நேரமில்லை.

அவளிடம் கேட்டேன். “அண்ணன் அவசரத்துல சொல்லிருச்சு, நான்தான் யோசிக்கல. அண்ணனுக்கு எழுதிராதீங்க உம்மா, அது தாங்காது” என்றாள். நீ தாங்கத்தான் வேண்டும், அதனால் எழுதுகிறேன். நானும் தாங்குகிறேன். ஏனென்றால் அன்றைக்கு ஆசிட் நெடி கூடத்துக்கு வருகிறது, புதிதாகத் தைத்த திரைச்சீலையில் ஏறிவிடும் என்று குளியலறைக் கதவை வெளியிலிருந்து இழுத்துச் சாத்தியது நான். இதை டாக்டரிடம் சொல்லவில்லை, ஸிஹாமிடமும் சொல்லவில்லை. உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.

தரையைப் பற்றிக் கேட்பாய். இடுக்குச் சிமெண்டை ஆசிட் அரித்துத் தின்றுவிட்டது, தண்ணீர் உள்ளே இறங்கி நாலு டைல்ஸ் ஆடுகிறது, மேல் மினுக்கம் போய்ச் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. வெள்ளையாகவும் ஆகவில்லை. ஆள் வைத்து மாற்றித் தருகிறேன் என்று கிளம்பாதே. காலில் குத்தாமல் இருக்க நானே உட்கார்ந்து இடுக்கில் புதுப் பூச்சு அடைத்துவிட்டேன், கோணல்மாணலாக.

அல்லாஹ் உன் கை கால்களுக்குச் சுகத்தைக் கொடுக்கட்டும், உன் வீட்டில் குழந்தைச் சத்தம் கேட்கட்டும். கரோலாவுக்கு என் முத்தம், இந்தக் கடிதத்தை அவளுக்கு மறைக்காமல் படித்துக்காட்டு. குரல் செய்தி அனுப்பி மன்னிப்புக் கேட்காதே. போன் போட்டு உன் தங்கையிடம் பேசு, அவள் பேசும்போது குறுக்கே பேசாதே. ஒரு வாக்கியத்தை முடிக்க அவளுக்கு இரண்டு தடவை மூச்சு எடுக்க வேண்டியிருக்கிறது.

உன் உம்மா,
வஸீலா