போத்தலில் ஒட்டிய தமிழ்ச் சீட்டு

அனுப்புநர்:
வே. பரமலிங்கம்,
உதவி உபாத்தியாயர்,
உரும்பிராய் கிழக்கு.

பெறுநர்:
கனம் அரசாங்க ஏசண்டர் அவர்கள்,
கச்சேரி, யாழ்ப்பாணம்.

பொருள்: மதுசாரம் கலந்த திராட்சைரசத்தைக் கர்ப்பிணிகளுக்கு மருந்தென்று விற்பதை நிறுத்துவதும், ஒரு கர்ப்பிணிக்கு உடனடியாக வைத்தியர் கடிதம் அனுப்புவிப்பதும்.

கனம் பொருந்திய ஐயா,

1. நான் இருபத்திரண்டு வருடமாக உதவி உபாத்தியாயராகவே இருப்பவன். ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்தும் இம்மனுவைத் தமிழில் எழுதுகிறேன். சாட்சி சொல்லக்கூடியவர்கள் தமிழ் மட்டும் அறிந்தவர்கள். அவர்கள் இதை வாசித்துச் சரிபார்க்கவேண்டும். வேலி எல்லை பற்றி முன்பு நான் அனுப்பிய இரண்டு மனுக்களுக்கு இன்னும் பதில் வரவில்லை. அவற்றை இதனோடு சேர்த்துப் பார்க்கவேண்டாம். அவை காத்திருக்கலாம்.

2. எங்கள் ஊர்க் கள்ளுத் தவறணை ஐந்து வருடத்துக்கு முன் வாக்கெடுப்பினால் மூடப்பட்டது. அதற்காக வீடு வீடாகத் திரிந்த மதுவிலக்குச் சங்கத்துக்கு, சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் தியாகலிங்கம் முதலாளி தலைவர், நான் காரியதரிசி. மறுவருடமே முதலாளி கொழும்பிலிருந்து ஒரு திராட்சைரசத்தை வரவழைத்து, பிள்ளைத்தாச்சிப் பெண்களுக்கு இரத்தம் ஊறும், பசி எடுக்கும், நித்திரை வரும் என்று சொல்லி விற்கத் தொடங்கினார். பசியும் நித்திரையும் வந்தது உண்மை. அது ஏன் வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

3. சங்கக் கூட்டத்தில் ஒருவர் மட்டும், இதுவும் குடிவகைதானே என்று ஆட்சேபித்தார். போத்தலின் சீட்டு ஆங்கிலத்தில் இருந்தபடியால் என்னை வாசிக்கச் சொன்னார்கள். நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு மதுசாரம் என்று அதன் அடியில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. கள்ளில் அதில் மூன்றிலொரு பங்குகூட இல்லை. நான் முதலாளியின் முகத்தைப் பார்த்தேன். "மருந்தெண்டு போட்டிருக்கோ, இல்லையோ? அதை வாசியும் வாத்தியார், காணும்" என்றார். நான் அதை மட்டும் வாசித்தேன்.

4. அதன் பிறகு, "இது மதுபானமன்று, கர்ப்பிணிகள் காலை மாலை அச்சமின்றி அருந்தலாம்" என்று ஒரு தமிழ்ச் சீட்டு அச்சிடப்பட்டு ஒவ்வொரு போத்தலிலும் ஒட்டப்பட்டது. அதை எழுதியவன் நான். அடியில் இருப்பது என் கையொப்பம். அப்போது எங்கள் பாடசாலையில் தலைமை உபாத்தியாயர் இடம் வெறுமையாக இருந்தது. நியமனத்தில் முதலாளியின் சொல் எடுபடும். அந்த இடம் பின்னர் அவருடைய மருமகனுக்குப் போயிற்று. இதைச் சொல்லாமல் மறைத்தால் முதலாளியே தங்களிடம் சொல்லுவார். ஆகையால் நானே சொல்லிவிடுகிறேன்.

5. என் ஒரே மகள் அருந்ததி முதற் பிள்ளைக்கு நான்காம் மாதத்திலிருந்து இந்தத் திராட்சைரசத்தைக் குடித்தாள். கடையிலிருந்து போத்தல்களைக் கொண்டுவந்து கொடுத்தவனும் நானே. சென்ற வருடம் பங்குனியில், மாதம் நிறைந்தே ஆண்பிள்ளை பிறந்தது. நிறை மூன்றே முக்கால் இறாத்தல், சாதாரணமாகப் பிறக்கும் பிள்ளையின் பாதி. பால் உறிஞ்சச் சக்தியில்லாமல் பத்தொன்பதாம் நாள் இறந்தது. பெயர் வைக்கவில்லை.

6. அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்து இளைப்பாறிய அப்போதிக்கரி வின்சன்ற் அவர்கள் பிள்ளையைப் பார்க்க வந்தபோது மாடத்தில் இருந்த போத்தலை எடுத்து முகர்ந்தார். என்னை முற்றத்துக்குக் கூட்டிப்போய்ச் சொன்னார்: "தாய் குடிக்கிறது பிள்ளைக்கும் போகும், வாத்தியார். உங்கடை சங்கத்திலை ஆம்பிளையளுக்கு மட்டுந்தானோ விலக்கு?" பிள்ளை இறந்ததற்கு அதுவே காரணம் என்று அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இதை மருந்தாகவே எழுதிக் கொடுக்கும் வைத்தியர்களும் உண்டு என்பதை அறிவேன். ஆனால் இரண்டு வருடத்துள் இதைக் குடித்த ஏழு தாய்மாரில் நால்வருக்குப் பிள்ளைகள் மிகச் சிறியனவாகப் பிறந்தன என்று ஊர் மருத்துவிச்சி சொல்கிறாள். அவள் விசாரணைக்கு வரச் சம்மதிக்கிறாள்.

7. சீட்டைக் கிழித்துவிடும்படி கேட்க நான் கடைக்குப் போனேன். ஆட்கள் நிற்கும்போதே முதலாளி சொன்னார்: "உம்மடை கையெழுத்து நல்ல வடிவாயிருக்கு. உம்மடை பேருக்குத்தான் சனம் வாங்குது. இனி ஏன் கிழிப்பான்?" எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த கூட்டத்தில் என்னைக் காரியதரிசிப் பதவியிலிருந்து நீக்கினார்கள். சீட்டை நீக்கவில்லை. ஊருக்கு அதிகாரியான விதானையாரிடம் முறையிட்டேன். "உது போத்தில் மருந்து, தவறணையெண்டால் நான் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டார்.

8. அருந்ததி இப்போது மீண்டும் ஐந்து மாதக் கர்ப்பிணி. முதற் பிள்ளை தன் பலவீனத்தால் இறந்தது என்று எண்ணி, இம்முறை மூன்று வேளை குடிக்கிறாள். என் மருமகன் மலாயாவில் உத்தியோகம் பார்க்கிறார்; தையில் லீவில் வந்து போனார். அவரும் குடிக்கச் சொல்லியே எழுதுகிறார். சென்ற மாதம் நான் அவளுடைய போத்தலைக் கிணற்றுக் கட்டில் அடித்து உடைத்தேன். அது பிழையான வேலை. அன்று பின்னேரமே முதலாளி வேறொரு போத்தலை இலவசமாகக் கொடுத்தனுப்பினார். மகள் என் மனைவியிடம், எனக்குக் கேட்கும்படியாக, "ஐயாவுக்கு முதலாளியோடை வேலிக் கோபம். அதுக்கு என்ரை மருந்தை ஏன் உடைக்கிறார்?" என்றாள். நான் விளக்கப் போனபோது, "நல்லதெண்டு எழுதினதும் நீங்கள், நஞ்செண்டு சொல்லுறதும் நீங்கள். எந்த ஐயாவை நான் நம்புறது?" என்று கேட்டாள். முதலாளியின் வளவு என் வளவுக்கு அடுத்தது; வேலியால் அவர்மேல் எனக்குக் கோபம் இருப்பது உண்மை. போத்தலில் பதினெட்டுப் பங்கு இருப்பதும் உண்மை. முதலாவதை அறிந்தவர்கள் இரண்டாவதை நம்புவதில்லை.

9. ஆகையால் தங்களிடம் கேட்பவை:

(அ) இத்துடன் மெழுகு முத்திரையிட்டு அனுப்பும் போத்தலைப் பரிசோதிப்பித்து, இது குடிவகையாயின் உத்தரவுச் சீட்டின்றி விற்பதைத் தடுக்கவேண்டும்.

(ஆ) என் கையொப்பமுள்ள தமிழ்ச் சீட்டுக்களைப் பறிமுதல் செய்யவேண்டும். அவற்றை எழுதியதற்காக என்மேல் வழக்கு வைக்க இடமிருந்தால் அவ்வழக்குக்கு நான் வருவேன். இதனால் என் உத்தியோகம் போகலாம் என்பதையும் யோசித்தே எழுதுகிறேன்.

(இ) இவ்விரண்டுக்கும் மாதங்கள் செல்லலாம். அருந்ததிக்குப் பிள்ளை பிறப்பது ஐப்பசியில். அதற்கு முன், கூடுமானால் இந்தக் கிழமைக்குள், அரசாங்க வைத்தியர் ஒருவர் அவளைப் பார்த்தோ பாராமலோ, கர்ப்பகாலத்தில் இதைக் குடிக்கவேண்டாம் என்று இரண்டு வரி தமிழில் எழுதி, கச்சேரி முத்திரையுடன் அவள் பெயருக்கே அனுப்பும்படி செய்யவேண்டும். அரசாங்கத்துக் கடிதத்தை அவள் மதிப்பாள்.

அதை மருத்துவிச்சி கையிற் கொடுத்து அனுப்பினால் போதும். என் பெயர் அதில் வேண்டாம். நான் கேட்டு வந்த கடிதமென்று தெரிந்தால், அவள் அதை மடித்து வைத்துவிட்டு அடுத்த கிளாசையும் குடிப்பாள்.

தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்,
வே. பரமலிங்கம் (கையொப்பம்)

உரும்பிராய்,
1936ஆம் ஆண்டு ஆனி மாதம் 17ஆம் திகதி.