லேபிளில் வராத மாசிக்கருவாடு

மார்ச் 3, செவ்வாய்

மைனஸ் 9. சாமான் ஏற்றும் வானின் கண்ணாடியில் ஐஸ், இருபது நிமிடம் சுரண்டல். லாசாலிலிருந்து பார்க் எக்ஸ்டென்ஷன் போய்ச் சேர ஒன்பதரை. மூன்று கடைக்கும் நான் செய்யும் ரோல்ஸ், போத்தலில் வெங்காயச் சீனிச்சம்பல்.

பின்னேரம் வணிகர் சங்கக் கூட்டம். புதுத் தலைவர் மரியதாஸ் அண்ணை. மனிசன் முதலில் தன் கடையிலேயே கை வைத்தவர். திகதி முடிந்த சாமான் எல்லாம் போன கிழமை பெட்டி பெட்டியாகக் குப்பைக்கு. காரணம் எல்லோருக்கும் தெரியும். அவர் கடையில் வாங்கிய தொதல் இனிப்பில் முந்திரிக் கஜு இருந்தது, லேபிளில் எழுதியிருக்கவில்லை. அது ஒத்துக்கொள்ளாத ஒரு சின்னப் பெட்டைக்கு முகம் வீங்கி அம்புலன்ஸ் வந்தது. பிள்ளை தப்பிவிட்டது. அன்றிலிருந்து அவர் வேறு ஆள்.

இன்று சொன்னவை:
- சாப்பாட்டில் என்ன இருக்கிறதோ அவ்வளவும் லேபிளில். தமிழிலும் பிரெஞ்சிலும்.
- பழைய திகதிக்கு மேல் புதுத் திகதி ஒட்டக் கூடாது.
- 14ஆம் திகதி, சாப்பாடு செய்து தரும் ஒவ்வொரு குசினிக்கும் தானே வருவார். சரிவராதவர்களின் சாமானைச் சங்கக் கடைகள் எடுக்கா.

பின்வரிசையில் ஒருவர், “இவருக்குப் பெரிய ஜனாதிபதி எண்ட நினைப்பு.” நல்ல சிரிப்பு. நானும் சிரித்தேன். வானில் ஏறி இருந்த பிறகுதான் நினைவு வந்தது. என் சீனிச்சம்பல்.

மார்ச் 4, புதன்

எழுதிவிடுகிறேன், இதை யார் பார்க்கப் போகிறார்கள். பதினொரு வருடத்துக்கு முன் தொடங்கியபோது மாசிக்கருவாடு போடவில்லை. ‘மரக்கறி’, அதாவது சைவம், என்று தேவைக்கு மிஞ்சி லேபிள் அடித்து வைத்தேன். ஒருவருக்கும் ருசி பிடிக்கவில்லை. மாசியை இடித்துப் போட்டேன், விற்பனை பிய்த்துக்கொண்டு ஓடியது. லேபிள் முடியட்டும், மாற்றலாம் என்றிருந்தேன். முடிந்த அன்று அச்சகக்காரர், “முந்தினது மாதிரியோ?” என்றார். ஓம் என்றேன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மீன் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் எத்தனை பேர் தின்றிருக்குமோ. 

அதோடு பரமேஸ்வரி ரீச்சர். நான் இங்கே வந்த புதிதில் எனக்கு வந்த பிரெஞ்சுக் கடிதமெல்லாம் வாசித்துச் சொன்னவர். புருஷன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நேர்த்தி வைத்து, வெள்ளிக்கிழமையில் மச்சமாமிசம் தொடுவதை விட்டவர். அந்த வெள்ளிக்கிழமைப் பாணுக்குத் தொட்டுக்கொள்ளத்தான் கிழமைக்கு ஒரு போத்தல் என் சீனிச்சம்பல்.

றீற்றாவிடம் சொன்னேன். பெண்சாதி யோசிக்கவே இல்லை. “இனி மாசி போடாமல் விடுங்கோ. வாயைத் திறக்காதேங்கோ. முடிஞ்சுது.”

நல்ல யோசனை. கேட்கவே சுகமாக இருந்தது.

மார்ச் 5, வியாழன்

மாசி இல்லாமல் ஒரு சட்டி. கறுவாப்பட்டை கூட, ஏலம் கூட, புளி கூட. என்ன செய்தும் வெங்காய ஜாம். பழைய லேபிளையே ஒட்டினேன். இப்போது அது உண்மைதானே.

தவக்காலம் வேறு. தேவாலயத்தில் சுவாமியிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லலாம். சுகமான வழி, அவர் சீனிச்சம்பல் வாங்குவதில்லை.

மார்ச் 10, செவ்வாய்

மழையும் ஸ்நோவும் கலந்து. சப்பாத்துக்குள் தண்ணீர்.

மரியதாஸ் அண்ணையின் கடையில் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் ரீச்சரின் குரல்.

“தம்பி, போன வெள்ளி வாங்கின போத்தல் சரியில்லை. என்னத்தை விட்டனீர்?”

ஒன்றும் இல்லை என்று சொல்ல வாய் எடுத்தேன்.

“எனக்குப் பொய் சொல்லாதையும். பதினொரு வருசமாத் தின்னுறன். ஏதோ குறையுது.”

சொல்லிவிட்டேன். “மாசிக்கருவாடு, ரீச்சர். போன கிழமைதான் விட்டனான். அதுவரைக்கும் போட்டனான்.”

“இவ்வளவு வருசமுமோ?”

“ஓம் ரீச்சர்.”

“என்ர வெள்ளிக்கிழமையளிலையுமோ?”

ஓம் என்று தலையை ஆட்டினேன். ரீச்சர் எடுத்த சாமானை அப்படியே மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார். குடையை மறந்துவிட்டார்.

மரியதாஸ் அண்ணை எல்லாம் கேட்டுக்கொண்டு நின்றவர். கத்துவார் என்று நினைத்தேன். “அந்தப் பிள்ளையின்ர தாய்க்கு முன்னாலை நானும் இப்பிடித்தான் நிண்டனான்,” என்றார். பிறகு, “நோட்டீஸ் ஒண்டு எழுது. மூண்டு கடையிலையும் ஒட்டு. ரீச்சருக்கு மட்டும் தெரிஞ்சாக் காணாது.”

“மானம் போயிடும் அண்ணை.”

“போகட்டும். ஆரும் ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது.”

மார்ச் 11, புதன்

நோட்டீஸ் ஒட்டியாயிற்று. ‘மரக்கறி என்று இதுவரை விற்ற சீனிச்சம்பலில் மாசிக்கருவாடு இருந்தது. என் பிழை. மீன் ஒத்துக்கொள்ளாதவர்கள் யாராவது சாப்பிட்டிருந்தால் சொல்லுங்கள்.’ கீழே என் பெயர், போன் நம்பர். பக்கத்தில் மரியதாஸ் அண்ணை தானாகவே ஒரு வரி எழுதினார்: ‘கேளாமல் விற்றது என் பிழை.’

பிரெஞ்சு எழுதியது றீற்றா. மீனுக்கு என்ன சொல் என்று அகராதி பார்க்கவில்லை. அவள் வேலை செய்யும் கார்டெரியில், அந்தக் குழந்தைகள் காப்பகச் சுவரில், ஒத்துக்கொள்ளாத சாப்பாடு பிள்ளை பிள்ளையாக எழுதி ஒட்டியிருக்கிறதாம். எழுதி முடித்து, “நான் அண்டைக்குச் சொன்னது பிழை,” என்றாள். அவள் வாயில் அது லேசில் வராது.

மார்ச் 13, வெள்ளி

போன் விடவில்லை. ஒரு அண்ணை ஐந்து நிமிடம் நல்ல கிழி. “மாசி போட்டதை எப்ப திரும்பத் தருவீங்கள்?” என்றும் ஒரு அக்கா. ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. ஒருவருக்குமே. கடவுளே, நன்றி. வானை ஓரமாக விட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன்.

ரீச்சர் இன்று கடைக்கு வரவில்லை. வெள்ளிக்கிழமை.

மார்ச் 14, சனி

ஜனாதிபதி மரியதாஸ் அண்ணையின் வருகை. முழு மொட்டை, தலையில் வலைத்தொப்பி. நான் சிரித்ததற்கு, “சட்டம் எண்டால் எல்லாருக்கும்தான்,” என்று என் தாடியைக் காட்டினார். தாடிக்கும் வலை வேண்டுமாம்.

இப்போது இரண்டு வகை. பச்சை மூடி மாசி இல்லாதது. சிவப்பு மூடி உள்ளது. சட்டியும் அகப்பையும் தனித்தனி. லேபிளை இரண்டு தரம் வாசித்தார். மூடியில் திகதி மங்கல் என்று ஒரு பெட்டியைத் திருப்பிவிட்டார். கோபம் வரவில்லை. இந்தக் கிழமை ஒழுங்காக நித்திரை வருகிறது.

மார்ச் 20, வெள்ளி

ப்ளஸ் 4. வீதியெல்லாம் சேறு.

காலையில் பெட்டி இறக்கும்போது ரீச்சர் வந்தார். முதலில் குடையைக் கேட்டு வாங்கினார். பிறகு பச்சை மூடிப் போத்தலை எடுத்து, கண்ணாடி போட்டு, பள்ளிக்கூடத்தில் வாசிக்கிற மாதிரி வாசித்தார். கடை முழுக்கக் கேட்டது.

“வெங்காயம். எண்ணெய். செத்தல் மிளகாய். சீனி. புளி. உப்பு. ஏலம். கறுவா. ரம்பை இலை.” நிமிர்ந்து பார்த்தார். “அவ்வளவும்தானோ?”

“அவ்வளவும்தான், ரீச்சர்.”

பதினொரு வருடத்தில் முதல் தரம் பயமில்லாமல் சொன்னேன். 

போத்தலைப் பைக்குள் வைத்தார். போகப் போனவர் திரும்பி, என்னைப் பாராமல் சிவப்பு மூடியைக் காட்டினார்.

“அதிலையும் ஒண்டு தாரும். நாளைக்குச் சனிக்கிழமை.”